கனவிலே ஒரு நாடு. நனவிலே ஒரு பள்ளி



பெண்கள் அரசாள, ஆண்கள் வீட்டுக்குள் அடங்கியிருக்கும் ஒரு நாட்டை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? அந்நாட்டில் சூரிய வெப்பத்தைச் சேமித்து வைத்துச் சோறு சமைக்கின்றனர். மேகத்திலிருந்தே நீரை இழுத்து வயலுக்குப் பாய்ச்சுகின்றனர். வான ஊர்தியில் ஏறிப் பயணம் செல்கின்றனர். காவலர் இல்லை, குற்றமும் இல்லை. இப்படியொரு நாட்டைக் கற்பனையில் கண்டு எழுதியவர் மேனாட்டு ஆசிரியர் எவரேனும் இருப்பார் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. வங்காளத்துக் கிராமமொன்றில், கோஷா முறை சிறிதும் வழுவாத ஜமீன் குடும்பத்திலே பிறந்து, பள்ளிக்கூட வாசற்படியை மாணவியாக ஒருநாளும் மிதித்திராத ஒரு முஸ்லிம் பெண்மணியே அவர். அக்கதை முதன்முதலில் அச்சேறிய இடமும் நமக்கு அந்நியமானதன்று. 1905ஆம் ஆண்டு, கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையில் ஆங்கிலத்தில் நடத்திவந்த மகளிர் இதழிலேதான் ‘சுல்தானாவின் கனவு’ என்னும் அக்கதை வெளியாயிற்று.

அதை எழுதிய பேகம் ருகையா சகாவத் உசேன் அம்மையாரின் வாழ்க்கையை இவ்வாரம் உங்கள் முன் வைக்க விழைகிறோம். வங்காளியர் அவரை ரொக்கேயா என்று அழைப்பர். நம் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் ருகையா (ரலி) அவர்களின் திருப்பெயரே அது. அப்பெயருக்கும் அக்கதைக்கும் உள்ள ஓர் ஒற்றுமையைப் பின்னர்க் காண்போம்.

பிறப்பும் வளர்ப்பும்

இன்றைய வங்காளதேசத்தின் ரங்கபூர் மாவட்டத்தில் பைராபந்த் என்பது ஒரு சிற்றூர். அவ்வூர் ஜமீன்தார் குடும்பத்தில் 1880ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் ருகையா பிறந்ததாகக் கொள்வர். செல்வத்துக்குக் குறைவில்லாத வீடு. ஆண்பிள்ளைகள் கல்கத்தாவுக்குச் சென்று ஆங்கிலக் கல்வி பெற்றனர். பெண்பிள்ளைகளுக்கோ திருமறையை ஓதக் கற்பித்தார்கள். அதன் பொருளைக் கற்பிக்கவில்லை. உருதுவும் பாரசீகமும் ஓரளவு அனுமதிக்கப்பட்டன. தாய்மொழியாகிய வங்காளமும் ஆங்கிலமும் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தன.

கோஷாவோ ஐந்து வயதிலேயே தொடங்கிவிட்டது. அந்நிய ஆடவரிடமிருந்து மட்டுமன்று, அறிமுகமில்லாத பெண்களிடமிருந்தும் அச்சிறுமி மறைந்து கொள்ள வேண்டும். ஒருமுறை பீகாரிலிருந்து இரண்டு பணிப்பெண்கள் வந்திருந்தனர். அவர்கள் கண்ணில் படாதிருக்கும் பொருட்டுக் குழந்தை ருகையா மாடியறையில் நாட்கணக்கில் ஒளிந்திருந்தார். அவரைப் போன்றே பச்சிளம் பிள்ளையாயிருந்த ஓர் உறவுச் சிறுவன் நினைவு வந்தபோது கொண்டு வந்து கொடுத்த உணவே உணவு. பிற்காலத்தில் இதனை அவரே எழுதி வைத்தார். மார்க்கம் எங்கே இதனைக் கேட்டது என்ற வினா அன்றே அவருள்ளத்தில் முளைவிட்டிருக்க வேண்டும்.

ஆனால் இருட்டிலும் ஒரு விளக்கை வல்ல நாயன் ஏற்றி வைத்திருந்தான். மூத்த தமையனார் இப்ராகீம் சாபிர், வீட்டார் உறங்கிய பின்னர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். தமக்கையார் கரீமுன்னிஸாவும் பிறர் அறியாமல் வங்காளம் படித்தவரே. அது தெரிந்தபோது அவருடைய படிப்பு நிறுத்தப்பட்டது. பதினைந்து வயது நிறையுமுன்னரே மணமும் முடித்து வைக்கப்பட்டது. இவ்விருவர் செய்ந்நன்றியை ருகையா அம்மையார் என்றும் மறந்தாரில்லை. தம் நூல்களில் ஒன்றைத் தமையனாருக்கும் மற்றொன்றைத் தமக்கையாருக்கும் காணிக்கையாக்கினார். ஒரு பெண் கற்றுத் தேறியதன் பின்னே கற்பித்த ஓர் ஆடவரின் அன்பு இருந்ததென்பதை, வாசகர்களே, மனத்தில் கொள்ளுங்கள்.

கணவர் தந்த ஊக்கம்

1898ஆம் ஆண்டளவில், பதினெட்டை எட்டும் வயதில், பீகாரின் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாயிருந்த சையது சகாவத் உசேன் அவர்களுக்கு ருகையா மணம் முடிக்கப்பட்டார். கணவர் வயதில் மிக மூத்தவர், முதல் மனைவியை இழந்தவர், உருது பேசுபவர். ஆயினும் பரந்த உள்ளம் படைத்தவர். மனைவி வங்காளத்தில் எழுதுவதை அவர் தடுக்கவில்லை. ஆங்கிலத்திலும் எழுதும்படி தூண்டினார். 1902இல் கர்பலா நிகழ்ச்சியை நினைந்துருகும் ‘தாகம்’ என்னும் கட்டுரையோடு அம்மையாரின் எழுத்துப் பணி தொடங்கியது. இமாம் ஹுசைன் (ரலி) அவர்கள் குடும்பத்தாரின் தாகத்தைப் பாடிக்கொண்டு பேனா எடுத்தவர், பின்னர்த் தம் சமுதாயப் பெண்களின் அறிவுத் தாகத்தை எழுதலானார்.

ஒருமுறை கணவர் அலுவல் காரணமாக வெளியூர் சென்றிருந்தார். தனிமையைப் போக்கவும் தம் ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்க்கவும் அம்மையார் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர், நின்றவாறே அதனை முழுவதும் படித்து முடித்தார். ஆண்குலத்தின் மீது இது கொடிய பழிவாங்கலன்றோ என்று வியந்தாராம்! ஆனால் அதனைக் கிழித்தெறியவில்லை. வட்டார ஆணையராயிருந்த ஆங்கிலேயருக்கு அனுப்பிப் பிழை திருத்தித் தரும்படி கேட்டார். அவரோ ஓரெழுத்தும் திருத்தாமல் பாராட்டித் திருப்பியனுப்பினார். அதுவே ‘சுல்தானாவின் கனவு’.

அந்தக் கனவு நாடு

சாய்வு நாற்காலியில் அமர்ந்து இந்தியப் பெண்களின் நிலையை எண்ணிக்கொண்டிருக்கும் சுல்தானா என்பாளைத் தோழி சாரா வெளியே அழைத்துச் செல்வதாகக் கதை தொடங்குகிறது. வெளியே பட்டப்பகல்; தெருவில் ஆடவர் ஒருவரையும் காணோம். ஜனானாவுக்குப் பதிலாக மர்தானா இருக்கிறது. ஆண்கள் அதனுள் இருந்து வீட்டு வேலை பார்க்கின்றனர். இந்த நிலை எப்படி வந்தது என்பதைத் தோழி விளக்குகிறாள்.

அந்நாட்டு அரசியார் பெண்கள் அனைவரும் கல்வி பெற வேண்டுமென ஆணையிட்டார். இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் மணம் முடிக்கலாகாது என்றும் விதித்தார். பெண்களுக்கென்றே இரு பல்கலைக்கழகங்கள் தோன்றின. ஒன்று மேகத்திலிருந்து நீரெடுக்கும் கருவியைக் கண்டது. மற்றொன்று சூரிய வெப்பத்தைத் திரட்டும் கருவியைக் கண்டது. படைபலத்தைப் பெருக்குவதிலேயே நாட்டம் கொண்டிருந்த ஆண்கள் இவற்றை வெறுங்கனவென எள்ளி நகையாடினர்.

அந்நிலையில் அண்டை நாட்டிலிருந்து சிலர் அடைக்கலம் தேடி வந்தனர். அவர்களை ஒப்படைக்கும்படி அந்நாட்டு மன்னன் கேட்டான். தஞ்சம் புகுந்தோரைக் கைவிடுதல் தம் நெறியன்று என அரசியார் மறுத்தார். போர் மூண்டது. ஆண்கள் தீரத்துடன் பொருதும் தோற்றனர். எதிரி தலைநகரை நெருங்கிய வேளையில், ஆண்கள் அனைவரும் வீட்டுக்குள் சென்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு பல்கலைக்கழகத் தலைவியார் பொறுப்பேற்றார். இரண்டாயிரம் மாணவியர் அணிவகுத்துச் சென்று, திரட்டி வைத்திருந்த சூரிய ஒளியையும் வெப்பத்தையும் பகைவர் மீது திருப்பினர். வெம்மை தாளாமல் பகைவர் ஓடினர். உள்ளே சென்ற ஆண்கள் பின்னர் வெளிவரவேயில்லை! இறுதியில் வான ஊர்தியிலிருந்து இறங்கும்போது கால் வழுக்க, சுல்தானா விழித்துப் பார்க்கிறாள். அதே சாய்வு நாற்காலி, அதே அறை.

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் பெண்கள் மட்டுமே வாழும் நாடொன்றைப் பற்றி நாவல் எழுதியது 1915இல்தான். அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே நம் அம்மையார் எழுதிவிட்டார். பெண்ணாட்சி நாடுகளைக் கற்பனை செய்யும் அறிவியல் கதைகளின் வரிசையில் இக்கதைக்கு முன்னிடம் இன்று தரப்படுகிறது.

நாம் காணும் ஒளி

இக்கதையைப் படிக்கும் முஸ்லிம் உள்ளம் சில இடங்களில் நின்று நினைக்காமல் இருக்க முடியாது. மக்கத்துக் குறைஷிகளின் கொடுமை தாளாமல் அபிசீனியாவில் தஞ்சம் புகுந்த முஸ்லிம்களை ஒப்படைக்கும்படி தூதுவர்கள் பரிசுப் பொருள்களோடு சென்று கேட்டபோது, நீதிமானாகிய நஜாஷி மன்னர் மறுத்துவிட்ட வரலாறு நாம் அறிந்ததே. அந்நாட்டுக்கு முதன்முதல் ஹிஜ்ரத் செய்தவர்களுள், கணவர் உஸ்மான் (ரலி) அவர்களோடு சென்ற நபிமகளார் ருகையா (ரலி) அவர்களும் ஒருவர். அதே பெயர் தாங்கிய எழுத்தாளர், அகதிகளைக் காப்பாற்றும் நாடே வெற்றி பெறும் என எழுதினாரென்பது எத்துணைப் பொருத்தம்!

பெண் அரசாளுவதும் அவர் புதிதாகக் கண்டதன்று. திருமறையின் 27ஆவது அத்தியாயமாகிய நம்லில் ஸபா நாட்டு அரசியாரின் வரலாறு வருகிறது. பில்கீஸ் என விரிவுரையாளர்கள் அவரைக் குறிப்பிடுவர். சுலைமான் (அலை) அவர்களின் மடல் கிடைத்ததும் அவர் சபையோரைக் கூட்டி ஆலோசித்தார். படைத்திறனைப் பேசியோரிடம், போரினால் ஊர்கள் பாழாவதை எடுத்துரைத்தார். இறுதியில் உண்மையை உணர்ந்து ஏக இறைவனுக்கு அடிபணிந்தார். இனி, அக்கதை எழுதப்பட்ட அந்நாளிலேயே, மத்திய இந்தியாவின் போபால் சமஸ்தானத்தில் சுல்தான் ஜகான் பேகம் ஆட்சி புரிந்து கொண்டிருந்தார். 1901 முதல் 1926 வரை ஆண்ட அவரே 1920இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரானவர்.

ஆனால் ஆண்களை அடைத்து வைப்பது மட்டும் நீதியாகுமா என நீங்கள் கேட்கலாம். ஆகாதுதான். அதை உணர்த்துவதற்கே கதை எழுதப்பட்டது. குற்றமேதும் செய்யாத ஓர் இனம் முழுவதும் அடைபட்டுக் கிடப்பதைப் படிக்கும்போது ஆடவர் நெஞ்சு கொதிக்குமானால், அக்கொதிப்பே அவர்களுக்குப் பாடம். ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் ஆடை போன்றவர் என்று கற்பிக்கும் மார்க்கம் நம்முடையது. ஒருவர் மற்றவருக்குச் சிறையாவதை அது ஒப்புமா?

சோதனைக்கு மேல் சோதனை

கனவு காண்பது எளிது. அம்மையாருக்கு வாய்த்த நனவோ கடினமானது. இரு பெண்மக்கள் பிறந்து கைக்குழந்தைகளாகவே இறந்தனர். கணவர் நீரிழிவு நோயால் நலிந்து கண்பார்வையையும் இழந்தார். அவருக்குப் பணிவிடை செய்வதிலேயே அம்மையாரின் நாட்கள் கழிந்தன. 1909ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் அவரும் வஃபாத்தானார். பெண்கள் பள்ளிக்கென அவர் ஒதுக்கி வைத்திருந்த 10,000 ரூபாயும் அவருடைய நன்னாட்டமும் மட்டுமே எஞ்சின.

அழுது கொண்டிருக்கவில்லை அம்மையார். அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு கணவர் பெயரால் பள்ளி தொடங்கினார். ஆயினும் கணவரின் மூத்த தாரத்து மகள் குடும்பத்தாரோடு ஏற்பட்ட சொத்துப் பிணக்கினால் அவ்வூரை விட்டே அகல நேர்ந்தது. கல்கத்தா சென்றார். 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் வலியுல்லா சந்தின் 13ஆம் எண் வீட்டில் எட்டு மாணவியரோடு பள்ளியை மீண்டும் தொடங்கினார். வங்கியொன்று நொடித்துப் போனதில் கையிலிருந்த பணத்தின் பெரும்பகுதியும் போயிற்று. எனினும் பள்ளியின் கதவு மூடப்படவில்லை.

வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடினார். கட்டணம் வேண்டாம், வண்டியும் நாங்களே அனுப்புகிறோம் என்று கேட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தார். தாம் பள்ளியில் படித்தவரல்லர் ஆதலின், நகரின் மற்றப் பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று வகுப்பு நடத்தும் முறையைக் கண்டு கற்றுக்கொண்டார். கல்கத்தாவில் ஆசிரியைகள் கிடைக்காதபோது கயாவிலிருந்தும் ஆக்ராவிலிருந்தும், நம் சென்னையிலிருந்தும் வரவழைத்தார். திருமறையைப் பொருளோடு ஓதுதல், மொழிகள், தையல், சமையல், நோயாளரைப் பேணுதல், உடற்பயிற்சி ஆகியன கற்பிக்கப்பட்டன. 1915இல் மாணவியர் தொகை 84 ஆயிற்று. அவருடைய இடையறாத கோரிக்கையின் பயனாக, முஸ்லிம் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியொன்றை அரசாங்கம் 1919இல் கல்கத்தாவில் ஏற்படுத்தியது.

திரையும் சிறையும்

அப்பள்ளியின் வண்டியைப் பற்றி ஒரு செய்தி உண்டு. கோஷா சிறிதும் கெடலாகாது என்பதற்காகக் காற்றும் வெளிச்சமும் புகாவண்ணம் அலமாரியைப் போல் வண்டியைச் செய்தனர். முதல் நாளே உள்ளிருந்த சிறுமியர் சிலர் மயங்கி விழுந்தனர், சிலர் வாந்தியெடுத்தனர். உடனே பக்கங்களைத் திறந்து துணித்திரை தொங்கவிடச் செய்தார் அம்மையார். அவ்வளவுதான்! காற்றில் திரை பறக்கிறது, மானம் போகிறது, இனிப் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று கடிதங்கள் வந்தன. திரையை இறுக்கினால் பிள்ளைகள் மூச்சுத் திணறுவர். தளர்த்தினால் பள்ளி காலியாகும். இந்த இக்கட்டில்தான் அவருடைய நாட்கள் நடந்தன.

அம்மையார் கோஷாவுக்குப் பகைவரல்லர். புர்காவின் கண்ணியத்தை ஆதரித்துக் கட்டுரையே எழுதியிருக்கிறார். தாமும் அதனைப் பேணியே நடந்தார். அவர் எதிர்த்தது, மானம் காக்கும் திரையை உயிர் கொல்லும் சிறையாக்கிய வழக்கத்தையே. 1931இல் நூலாக வந்த ‘அவரோதவாசினி’யில் அத்தகைய உண்மை நிகழ்ச்சிகள் 47ஐத் தொகுத்தார். அவற்றுள் ஒன்று நெஞ்சை உலுக்கும். பீகாரில் புகைவண்டி மாறும்போது, புர்கா தடுக்கி ஒரு பெண்மணி மேடைக்கும் வண்டிக்கும் இடையே விழுந்துவிட்டார். தூக்கிவிட ஓடிவந்த ஆடவரை, அந்நியர் தொடலாகாது என்று உடனிருந்த பணிப்பெண் தடுத்தாள். வண்டி நகர்ந்தது, அப்பெண்மணி நசுங்கி மாண்டார். உயிர் காக்கும் வேளையில் விலக்கப்பட்டதும் ஆகுமானதாகும் என்பது நம் பிக்ஹு நூல்கள் அறிந்த விதியன்றோ? சட்டத்தை அறியாத பக்தி ஓர் உயிரையே வாங்கிவிட்டதே!

தொடக்க காலத்தில் அவர் எழுதிய கட்டுரையொன்றின் சில பகுதிகள் மார்க்கப் பற்றுள்ளோரைப் புண்படுத்தியதும் உண்மை. பின்னர் அக்கட்டுரையை நூலில் சேர்த்தபோது அப்பகுதிகளை அவர் நீக்கிவிட்டார். வேகத்தில் எழுதியதை விவேகத்தால் திருத்திக்கொள்வது சிறுமையன்று.

1916இல் ‘அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்’ என்னும் முஸ்லிம் மாதர் சங்கத்தை நிறுவி, ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் துணை நின்றார். கதையில் கண்ட வான ஊர்தி மட்டும் அவர் வாழ்நாளிலேயே நனவாயிற்று. 1930இல் விமானத்தில் ஏறி வானத்தில் பறந்து, அந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார். பள்ளியும் அந்த ஆண்டுகளிலேயே உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது.

முடிவும் எச்சமும்

1932ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், தாம் பிறந்த அதே நாளில், அதிகாலையில் அம்மையார் இறையடி சேர்ந்தார். வயது 52. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பெண்களின் உரிமையைப் பற்றி முதல்நாள் இரவு அவர் எழுதத் தொடங்கிய கட்டுரை முற்றுப்பெறாமல் மேசைமீது கிடந்தது. கல்கத்தாவை அடுத்த சோடேபூரில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவர் நிறுவிய பள்ளி அரசினர் பள்ளியாகி, சகாவத் பெயரையே தாங்கி நின்று பெண்மக்களுக்குக் கல்வி அளித்து வருகிறது. ரங்கபூரில் 2008இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு அடுத்த ஆண்டு அவர் பெயர் சூட்டப்பெற்றது. 2024இல் யுனெஸ்கோ, ‘சுல்தானாவின் கனவு’ நூலை ஆசிய பசிபிக் வட்டார நினைவுச் செல்வங்களின் பதிவேட்டில் சேர்த்தது.

வாசகப் பெருமக்களே! கனவு நாட்டை எழுதச் சில நாட்களே போதுமாயிருந்தன. பள்ளியை நிலைநிறுத்தவோ இருபத்து மூன்று ஆண்டுகள் வேண்டியிருந்தன. கனவில் ஆண்களை அடைத்து வைத்தவர், நனவில் ஒருவரையும் அடைக்கவில்லை; அடைபட்டிருந்த பிள்ளைகளின் கைப்பிடித்து வகுப்பறைக்கு அழைத்து வந்தார். அதற்காகப் பணத்தை இழந்தார், உறக்கத்தை இழந்தார், வசைமொழி கேட்டார். கல்வி தேடுவது முஸ்லிம் ஒவ்வொருவர் மீதும் கடமை என்ற நபிபோதத்தை அவர் மேடையில் முழங்கவில்லை. வண்டியின் திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நிறைவேற்றினார்.

வயது வந்ததும் பெண்பிள்ளையின் புத்தகப் பையை வாங்கி வைத்துவிட்ட காலத்தை நம் வீடுகளிலும் மூத்தவர்கள் நினைவு கூர்வர். ஓத மட்டும் கற்று, பொருளறியாமலே வாழ்ந்து மறைந்த நம் பாட்டிமார் எத்தனை பேர்! அவர்களுள் எத்தனை பேருக்கு மேகத்தில் நீரெடுக்கும் அறிவிருந்ததோ, அல்லாஹ் ஒருவனே அறிவான். இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுது வீடு திரும்பும் தந்தையே, உம் மகளை அருகில் அமர்த்தி, அன்று ஓதியதன் பொருளை அவளிடம் கேளும். தெரியாதெனில் இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். தமையனாக இருப்பவரே, உம் தங்கைக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவையும். ருகையா அம்மையாரின் கல்வி அத்தகைய ஒரு சிறு வெளிச்சத்தில்தான் தொடங்கியது.

வல்ல நாயன் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய நற்பணியை ஏற்று, உயர்ந்த சுவனபதியை அருள்வானாக! ஆமீன்.